கரண்டு கார்டு யார் பெயரில் இருக்கிறது?

இன்று மத்தியானம் கௌசல்யா போன் செய்தாள். பெரம்பலூர் ஆடிட்டர் ஆபீஸில் நான் ஓய்வுபெற்று எழுந்த நாற்காலியில் இப்போது உட்காருகிறவள் அவள்தான்.

"அக்கா, ஒருத்தரு வந்து உக்காந்திருக்காரு. பிரைவேட் லிமிடெட் கம்பெனி பதியணுமாம். எத்தன நாளு ஆவும்னு கேக்குறாரு. ஏழே நாளுன்னு செல்லுல விளம்பரம் பாத்தாராம். நாம எத்தனன்னு சொல்றது?"

"கம்பெனிக்குக் காட்டப்போற எடத்துல கரண்டு கார்டு யாரு பேருல இருக்குன்னு முதல்ல கேளு," என்றேன்.

"கம்பெனிக்கும் கரண்டு கார்டுக்கும் என்னக்கா சம்பந்தம்?"

"கேட்டுட்டுக் கூப்பிடு."

வைத்துவிட்டாள். கிழவிக்குக் குசும்பு போகவில்லை என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும். அந்தச் சம்பந்தம் எனக்கும் ஒரே நாளில் புரிந்துவிடவில்லை. அவள் திரும்பக் கூப்பிடுவதற்குள் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் அரியலூர்க்காரி. பி.காம். முடித்து, டைப்ரைட்டிங்கும் பாஸ் செய்து, சொந்தக்காரர் ஒருவர் சொல்லி பெரம்பலூரில் ஆடிட்டர் ஆபீஸில் சேர்ந்தேன். தினமும் பஸ்தான். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. எங்கள் ஊரில் ரயில் இருந்தும் எனக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. முதல் சில வருடங்கள் பில் அடுக்குவதும் கூட்டல் சரிபார்ப்பதுமாகப் போயின. அதில் சொல்ல ஒன்றும் இல்லை. கம்பெனி பதிவு வேலை கைக்கு வந்த பிறகுதான் ஆபீஸுக்குப் போவதில் எனக்கு ருசி பிறந்தது.

அப்போது எல்லாம் காகிதம். கம்பெனியின் நோக்கம், விதிமுறை எல்லாவற்றையும் புத்தகமாக அச்சடிக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் பங்குதாரர் ஒவ்வொருவரும் பெயர், தகப்பனார் பெயர், விலாசம், தொழில் ஆகியவற்றைத் தம் கையாலேயே எழுத வேண்டும். தொழில் என்ற இடத்தில் ஒரு லாரி முதலாளி "ஆண்டவன் அருள்" என்று எழுதிவிட்டார். அந்தப் பக்கத்தை மறுபடி அச்சடித்தோம். காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கு பஸ் ஏறுவோம். அங்கே ஒரு குறை சொல்வார்கள். திருத்திக்கொண்டு மறுபடி பஸ் ஏறுவோம். மாதக்கணக்கில் இழுக்கும். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. எல்லாம் இணையத்திலேயே போனது. டெல்லிப் பக்கத்தில் எங்கேயோ உட்கார்ந்து பார்க்கிறார்கள். காகிதம் சரியாக இருந்தால் பத்து நாளுக்குள் சான்றிதழ் வந்துவிடுகிறது.

அப்படியானால் எல்லாக் கம்பெனியும் பத்து நாளில் பதிவாகிவிட வேண்டுமே? ஆகவில்லை.

எங்கள் ஆடிட்டர் சார் மெலிந்த மனிதர். குரலை உயர்த்தியே நான் பார்த்ததில்லை. வெயிலோ மழையோ, கையில் குடை இருக்கும். எத்தனை நாள் ஆகும் என்று யாராவது கேட்டால், "கவர்மெண்டு பக்கம் பத்து நாள். உங்க பக்கம் எத்தனை நாள்னு நீங்கதான் சொல்லணும்," என்பார். வந்தவர் சிரிப்பார். சார் சிரிக்க மாட்டார்.

அவருக்கு இரண்டு வழக்கங்கள். ஒன்று, பதிவு அலுவலகம் என்று கட்சிக்காரர், அதாவது எங்களிடம் வேலை கொடுக்கிறவர், காட்டுகிற இடத்தை நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார். கம்பெனி என்றால் வாசலில் பெயர்ப்பலகை மாட்டியே ஆக வேண்டும் என்பது சட்டம். சார் அந்தக் கட்டடத்துக்கு எதிரே நின்று, குடையை நீட்டி, "போர்டு எங்க வரும்?" என்று கேட்பார். சிலர் அந்தக் கணமே ஏணியைத் தேடுவார்கள். சிலர் விழிப்பார்கள். நிஜமாகத் தொழில் செய்ய வந்தவன் யார், சும்மா லெட்டர்பேடுக்கு வந்தவன் யார் என்பது அந்தக் கேள்வியில் தெரிந்துவிடும் என்பது அவர் கணக்கு.

இன்னொன்று, கையெழுத்து வாங்குமுன் ஒவ்வொரு காகிதத்தையும் தமிழில் வாய்விட்டுப் படித்துக் காட்டுவார். "நீங்க பாத்தா சரிதான் சார், எங்க போடணும்னு சொல்லுங்க," என்று பேனாவைத் திறந்துகொண்டு நிற்பார்கள். "நான் பாத்துட்டேன். நீங்க இன்னும் பாக்கலையே," என்பார். எனக்கு ஆரம்பத்தில் எரிச்சலாக இருக்கும். அரியலூருக்குக் கடைசி நல்ல பஸ் போய்விடுமே என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தப் படிப்பின் அருமை பின்னால்தான் தெரிந்தது.

கட்சிக்காரர் பக்கத்து நாள் என்றால் என்ன என்பதற்கு ஒன்று சொல்கிறேன். உடையார்பாளையம் பக்கம் முந்திரி விவசாயிகள் சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்க வந்தார்கள். பெயருக்கே கோயிலில் பூப்போட்டுப் பார்த்தார்கள். அம்மன் கொடுத்த பெயரை நாட்டில் ஏற்கெனவே யாரோ பதிந்துவிட்டதால் அதற்கு அனுமதி வரவில்லை. அம்மனிடம் மறுபடி போய் வேறு பெயர் வாங்கி வந்தார்கள். அந்தப் பெயர் கிடைத்தது. அப்படிக் கிடைத்த பெயரை இருபது நாளுக்குள் பயன்படுத்த வேண்டும். "இருங்கம்மா, ஆடி போவட்டும்" என்றார்கள். ஆடி போவதற்குள் பெயர் காலாவதியாகிவிட்டது. இரண்டாவது முறை மார்கழியில் மாட்டிக்கொண்டார்கள். கடைசியில் தை பிறந்துதான் அந்தக் கம்பெனிக்கும் வழி பிறந்தது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. பாடாலூர்ச் செல்வராசுவின் கம்பெனி அப்படிப்பட்டது அல்ல.

செல்வராசுவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். பாடாலூரில் ரோட்டை ஒட்டி ஒரு பெரிய கொட்டகை. சுற்று வட்டாரத்துச் சின்ன வெங்காயத்தை வாங்கி, காய்ந்த தாளை அறுத்து, தரம் பிரித்து அனுப்புகிற தொழில். சென்னையில் பல கடைகள் நடத்தும் ஒரு நிறுவனத்தார் கொட்டகையை வந்து பார்த்துவிட்டு, அந்த வருட அறுவடை முழுவதையும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். ஒரு நிபந்தனை: தனி ஆளோடு ஒப்பந்தம் போட மாட்டார்கள், கம்பெனியாக இருக்க வேண்டும். காகிதம் பொங்கலுக்குள் வேண்டும். வராவிட்டால் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். மண்டிக்கு மூட்டையைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, விலையைச் சொல்கிறவன் வாயைப் பார்த்தே நின்று பழகியவருக்கு இப்படி ஒரு ஒப்பந்தம் என்பது சாதாரண விஷயமா? கார்த்திகை மாதத்தில் மனைவி மல்லிகாவையும் அழைத்துக்கொண்டு வந்தார். பிரைவேட் லிமிடெட்டுக்குக் குறைந்தது இரண்டு டைரக்டர்கள் வேண்டும். இவர் ஒருவர், மல்லிகா ஒருவர்.

எல்லாக் காகிதமும் ஒழுங்காகக் கொண்டு வந்திருந்தார். கரண்டு பில்லில் மட்டும் ராமசாமி என்று இருந்தது.

"இது யாருங்க?" என்றேன்.

"எங்கப்பாங்க."

"இடத்துக்குச் சொந்தக்காரரு ஆட்சேபணை இல்லன்னு எழுதிக் குடுக்கணும். அவர ஒருநாளு கூட்டிட்டு வாங்க."

"அவரு போயிச் சேந்து பல வருசம் ஆச்சுங்களே."

"கார்டு மாத்தலையா?"

"எதுக்குங்க? கரண்டு வருது, பணம் கட்டுறோம்."

எங்கள் இரண்டு மாவட்டங்களிலும் கரண்டுக் கட்டணம் கட்டுகிறவர்களில் செத்துப்போனவர்கள் ஏராளம். சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். கார்டில் பெயர் மாற்ற வேண்டுமென்றால் வாரிசுகள் அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும். வாரிசுகள் ஒன்று கூடினால் பங்குப் பேச்சு வரும். பங்குப் பேச்சுக்குப் பயந்துகொண்டுதான் செத்தவரைக் கார்டில் உயிரோடு வைத்திருக்கிறார்கள்.

சார் பில்லை வாங்கிப் பார்த்தார். செல்வராசுதான் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஆரம்பித்தார்.

"எங்கப்பா கையெழுத்து எனக்கு அச்சு அசலா வரும் சார். அவரு உசுரோட இருக்கும்போதே பள்ளிக்கூடத்து மார்க் அட்டையில நான்தான் போட்டுக்குவேன்."

"எந்த ஊருலேர்ந்து போட்டு அனுப்புனாருன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்றார் சார்.

மல்லிகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

சார் வேறு வழிகளும் சொன்னார். பெரம்பலூரிலேயே ஒரு அறையை வாடகைக்கு எடுத்து அந்த விலாசத்தைக் கொடுக்கலாம். செல்வராசு ஒத்துக்கொள்ளவில்லை. "எங்கப்பா கட்டுன கொட்டாய உட்டுட்டு டவுன்ல வாடக மாடியில போர்டு மாட்டுனா பாக்குறவன் சிரிப்பான் சார்." முதலில் கம்பெனியைப் பதிந்துவிட்டு விலாசத்தை ஒரு மாதத்துக்குள் காட்டிக்கொள்ளவும் சட்டத்தில் இடம் உண்டு. அது சாருக்கே பிடிக்காது. குடியிருக்க வீடு பார்க்காமல் தாலி கட்டுவது போல என்பார்.

"கூடப் பொறந்தவங்க யாரு?" என்று கேட்டார் சார்.

செல்வராசு காலண்டரைப் பார்த்தார். மல்லிகாதான் பதில் சொன்னார். "மாமியாரும் இல்லீங்க. ஒரே நாத்தனாருங்க. இவருக்கு அக்கா. திருமழபாடியில குடுத்திருக்கு. பேச்சுவார்த்த இல்ல."

அப்பா இறந்த வருடமே செல்வராசு அக்காவிடம் விடுதலைப் பத்திரத்தோடு போயிருக்கிறார். தகப்பன் சொத்தில் தனக்குள்ள பங்கை விட்டுக்கொடுத்துவிட்டதாகப் பெண் எழுதிக் கொடுக்கும் பத்திரம் அது. ஒரு பட்டுப் புடவை, ஒரு விருந்து, ரிஜிஸ்டர் ஆபீஸில் ஒரு கையெழுத்து: எங்கள் பக்கத்தில் பெண்ணின் பங்கு பெரும்பாலும் இப்படித்தான் முடியும். சட்டம் சரிபங்கு என்கிறது. சட்டம் எங்கள் ஊர்ப் பந்தியில் உட்காருவதில்லை. அந்த அக்கா, "யோசிச்சுச் சொல்றேன்" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். அன்றோடு போக்குவரத்து நின்றது.

"வாரிசுச் சான்றிதழுக்கு எழுதிப் போடுங்க," என்றார் சார். "ரெண்டு பேரும் சேந்துதான் ஆட்சேபணை இல்லன்னு எழுதிக் குடுக்கணும். உங்க அக்காகிட்ட நான் போய்ப் படிச்சுக் காட்டுறேன். போடுங்கன்னு சொல்ல மாட்டேன். படிக்க மட்டும்தான் செய்வேன்."

"நான் வந்தா கதவச் சாத்திடுவா சார். நீங்களே போயிட்டு வாங்க."

வாரிசுச் சான்றிதழ் வந்ததும் சாரும் நானும் கிளம்பினோம். அரியலூரில் இறங்கி வேறு பஸ் மாறி, திருமழபாடி போய்ச் சேரும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. செல்வராசுவின் அக்கா பூங்கோதை அம்மாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். பாடாலூர் என்று சொன்னதும் வாளியைக் கீழே வைத்தார்.

"தம்பி அனுப்புனானா? கையெழுத்துன்னா நான் போட மாட்டேங்க."

"போட வேணாம்மா," என்றார் சார். "ஒரு காகிதம் இருக்கு, படிக்கிறேன். கேட்டுட்டு அனுப்பிடுங்க."

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார். தான் உட்காரவில்லை; கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சார் வழக்கமான குரலில், வழக்கமான வேகத்தில் படித்தார். "பாடாலூரில் உள்ள கீழ்க்கண்ட கட்டடத்தின் உரிமையாளர்களாகிய, காலஞ்சென்ற ராமசாமி அவர்களின் மகள் பூங்கோதை, மகன் செல்வராசு ஆகிய நாங்கள்..."

"நிறுத்துங்க," என்றார் பூங்கோதை அம்மாள். "முதல்லேர்ந்து இன்னொரு வாட்டி படிங்க."

சார் படித்தார். அந்த அம்மாள் இந்த முறை எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"உரிமையாளருன்னா?"

"அந்த எடத்துக்குச் சொந்தக்காரங்க."

"நானா?"

"நீங்களும் உங்க தம்பியும்."

"இதுல கையெழுத்துப் போட்டா அந்த எடம் அவனுக்குப் போயிடுமா?"

"போவாதும்மா. கம்பெனி அங்க போர்டு மாட்டிக்கலாம், அவ்வளவுதான். உங்க பங்கு உங்க பங்காவே இருக்கும்."

பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார். "நான் பங்கு வேணும்னு கேக்கவே இல்லங்க. யோசிச்சுச் சொல்றேன்னுதான் சொன்னேன். யோசிக்கிறேன்னு சொன்னதுக்கே கோவிச்சுக்கிட்டான். எங்கப்பாவுக்கு நானும்தான் பொறந்தேன், யோசிக்கக்கூட எனக்கு உரிம இல்லியா?"

எழுந்து போய்க் கையைக் கழுவி, புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். நாங்கள் கிளம்பும்போது ஒரு சீப்பு வாழைப்பழத்தை என் கையில் கொடுத்து, "இத மல்லிகாகிட்டக் குடுங்க. அவனுக்கில்ல, அவளுக்கு," என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு ஒரே சந்தோஷம். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் செல்வராசு வந்தார். அக்காவின் கையெழுத்தைப் பார்த்ததும் முகமெல்லாம் பல். அவரும் போட வேண்டியதுதான் பாக்கி. சார் வழக்கம்போலப் படிக்க ஆரம்பித்தார். இரண்டு வரிக்குள் பல் மறைந்துவிட்டது.

"அக்காவ எதுக்கு சார் சொந்தக்காரின்னு போட்டீங்க?"

"சொந்தக்காரங்கதானே?"

"ஆட்சேபண இல்லன்னு மட்டும் எழுதி வாங்கினாப் போதுமே சார். நாளைக்கு இதையே வெச்சுக்கிட்டுப் பங்குக்கு வந்து நிப்பா."

"எடத்துல பாத்தியதை இல்லாதவங்க ஆட்சேபணை இல்லன்னு சொல்லி என்ன ஆவப்போவுது? ரோட்டுல போறவர்கிட்ட எழுதி வாங்குறாப்புலதான்," என்றார் சார்.

செல்வராசு பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அத்தனை நாள் அக்காதான் முட்டுக்கட்டை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர். ஆட்சேபணை உண்மையில் யாருக்கு என்று அன்று தெரிந்துவிட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வாழைப்பழத்தைக்கூட மறந்துவிட்டுப் போயிருந்தார். அன்று சாயந்தரம் மல்லிகா எங்கள் ஆபீஸ் பக்கம் பஸ்ஸுக்கு வந்தபோது நானே கொண்டுபோய்க் கொடுத்து, யார் கொடுத்தது, ஏன் கொடுத்தார் என்பதையும் சொன்னேன். அவர் பழத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மார்கழி கடைசிக்கு வந்துவிட்டது. அறுவடை தொடங்கிவிட்டது. சென்னையிலிருந்து போன் மேல் போன் வந்திருக்கிறது போலும். செல்வராசு மல்லிகாவோடு மறுபடி வந்து நின்றார். "டவுன்லயே ஒரு ரூம் பாத்துட்டேன் சார். வாடகைக் காகிதம் இந்தா இருக்கு. இந்த விலாசத்துலயே பதிஞ்சுடுங்க. பாக்குறவன் சிரிச்சாச் சிரிச்சிட்டுப் போறான்." அப்பா கட்டிய கொட்டகையின் கௌரவம் அக்கா பெயர் வந்ததும் அப்படி இறங்கிவிட்டது.

சார் வாடகைக் காகிதத்தைப் பார்த்தார். "செய்யலாம்," என்றார்.

நான் பின்னாலேயே அவர் அறைக்குப் போனேன். "இவ்வளவு சுலபமா ஒத்துக்கிட்டீங்களே சார். அந்தம்மா ரெண்டு வாட்டி படிக்கச் சொல்லிக் கேட்டுப் போட்ட கையெழுத்து."

"அவரு கேக்குறதுல சட்டப்படி தப்பு ஒண்ணும் இல்லம்மா. நம்ம வேலை கம்பெனி பதியறது. அவங்க குடும்பத்தை நாம நடத்த முடியாது," என்றார். அது சரிதான். சரி என்பதாலேயே எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

அடுத்த வேலை டிஜிட்டல் கையெழுத்து. இப்போதெல்லாம் டைரக்டர் ஆகிறவர் செல்போன் கேமரா முன்னால் உட்கார்ந்து, பான் கார்டை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, இன்னார் நான், இந்தக் கையெழுத்துக்கு நான்தான் விண்ணப்பித்திருக்கிறேன் என்று வாயால் சொல்ல வேண்டும். அதை அனுப்பினால்தான் கையெழுத்து வரும். செல்வராசு ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். அடுத்து மல்லிகாவை உட்கார வைத்தேன். போனைத் தூக்கிப் பிடித்தேன். கார்டைப் பிடித்துக்கொண்டார். வாயைத் திறக்கவில்லை.

"சொல்லுங்கம்மா," என்றேன். நேரம் முடிந்து வீடியோ நின்றுபோனது. மறுபடி வைத்தேன். மறுபடியும் மௌனம். கேமரா கூச்சம் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"இது எந்த எடத்துக்குங்க?" என்று என்னிடம் கேட்டார்.

"டவுன்ல பாத்திருக்காரே, அந்த ரூமுக்கு."

"அப்ப நாத்தனாரு போட்டுக் குடுத்த கையெழுத்து?"

நான் செல்வராசுவைப் பார்த்தேன். "அது வேணாம். அதான் வேற எடம் பாத்தாச்சுல்ல. நீ பேரச் சொல்லு," என்றார் அவர்.

மல்லிகா பான் கார்டை மேசை மேல் வைத்தார். "அவங்க கையெழுத்து வேணாம்னா என் கையெழுத்தும் வேணாம்."

"ஏய், எடம் பொருள் தெரியாமப் பேசாத. ஆபீஸு இது."

"தெரிஞ்சுதான் பேசுறேன். எங்கண்ணனுங்க எங்கிட்ட எழுதி வாங்குனப்ப பட்டுப்பொடவ எடுத்துக் குடுத்தானுங்க. நானும் சிரிச்சிக்கிட்டே போட்டேன். வூட்டுக்கு வந்து ரெண்டு நாளு சோறு எறங்கல. அன்னிக்கு எங்கண்ணனுங்க வூட்டு வாசல்ல போயி நின்னுக்கிட்டு, பொண்ணுக்கும் சரிபங்குடான்னு கத்துனது யாரு? நீங்கதான?"

செல்வராசு சாரைப் பார்த்தார். "அது வேற," என்றார்.

"எது வேற?"

நாத்தனாரும் அண்ணியும் கீரியும் பாம்பும் என்று நாமெல்லாம் பேசிப் பேசியே பழகிவிட்டோம். எனக்கு அந்த மல்லிகாவை எழுந்துபோய்க் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆபீஸ் என்பதால் போனைப் பிடித்தபடி சும்மா நின்றேன்.

செல்வராசு எழுந்து வெளியே போனார். ஒப்பந்தமும் போச்சு, அறுவடையும் போச்சு என்றுதான் நினைத்தேன். எதிர்க் கடையில் டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே நின்றவர், குடிக்காமல் ஊற்றிவிட்டு வந்தார். சார் முன்னால் உட்கார்ந்தார்.

"அந்தக் காகிதத்த இன்னொரு வாட்டி படிங்க சார்."

சார் எடுத்துப் படித்தார். உரிமையாளர்களாகிய, மகள் பூங்கோதை, மகன் செல்வராசு. இந்த முறை செல்வராசு கடைசிவரை குறுக்கே பேசவில்லை. "எங்க போடணும்?" என்று கேட்டுப் போட்டார். மனம் மாறித்தான் போட்டாரா, வெங்காயம் வீணாகிறதே என்று போட்டாரா? எனக்குத் தெரியாது. இரண்டும் கலந்துதான் இருக்கும். மல்லிகா தன் பெயரைக் கேமராவில் அடுத்த கடைக்குக் கேட்கும்படி சொன்னார்.

அதற்குப் பிறகு கவர்மெண்டு பக்கம் ஒரு குறையும் வரவில்லை. ஒரு வாரம் போல ஆனது; சான்றிதழ் வந்துவிட்டது. வந்த தேதி அஷ்டமி. "ஒருநாளு தள்ளிப் போட்டுக் குடுக்க மாட்டாங்களா சார்?" என்று செல்வராசு அதற்கும் மூக்கால் அழுதார். அதற்குள் பொங்கல் தாண்டி, பாதி வெங்காயம் பழையபடி மண்டிக்குப் போயிருந்தது. சென்னைக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டு மீதியை எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வருட அறுவடை முழுவதற்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது.

போர்டு மாட்டுகிற நாளில் எங்கள் இருவரையும் பாடாலூருக்குக் கூப்பிட்டார்கள். நாங்கள் போவதற்கு முன்பே வாசலுக்கு மேலே திருகாணி போட்டு மாட்டியிருந்தார்கள். சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் ஆகிவிட்டது. பூங்கோதை அம்மாள் திருமழபாடியிலிருந்து பஸ் பிடித்து வந்து இறங்கினார். மல்லிகா ஓடிப்போய்ப் பையை வாங்கிக்கொண்டார். அக்காவும் தம்பியும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்ளாமல் போர்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எப்படிக்கா இருக்கு?" என்றார் செல்வராசு. இத்தனை வருடத்துக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு அது.

பூங்கோதை அம்மாள் போர்டைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது மேக்கால பாத்த செவுரு. சாயந்தர வெயிலு மொத்தமும் இதுலதான் உழும். ஒரே வருசத்துல எழுத்து வெளுத்துப் போயிடும்டா. அந்தப் பக்கத்துச் செவுத்துல மாட்டு."

போர்டு மாட்டிய ஆள் ஏணியோடு கிளம்பத் தயாராக இருந்தான். மாலை போட்டாகிவிட்டது, கற்பூரமும் காட்டியாகிவிட்டது. அதைக் கழற்றுவது நல்லதில்லை என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். செல்வராசு சாரைப் பார்த்தார். சார் தன் குடையை அக்கறையாகச் சுருட்டிக்கொண்டிருந்தார். செல்வராசு ஏணிக்காரனைக் கூப்பிட்டார்.

"கழட்டுப்பா. அக்கா சொல்ற எடத்துல மாட்டு."

பூங்கோதை அம்மாள் சட்டென்று திரும்பி, வெங்காயம் பார்க்கப் போகிறவர்போலக் கொட்டகைக்குள் போய்விட்டார். மல்லிகா பின்னாலேயே போனார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கவும் இல்லை. பழைய சுவரில் திருகாணி போட்ட ஓட்டைகளை யாரும் அடைக்கவில்லை. அடுத்த தடவை திருச்சி போகும் வழியில் இறங்கிப் பார்த்தபோதும் அப்படியேதான் இருந்தன. எழுத்தும் வெளுக்கவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கௌசல்யா திரும்பக் கூப்பிட்டாள்.

"அக்கா, கேட்டேன். கரண்டு கார்டு அவங்க தாத்தா பேருல இருக்காம். தாத்தா செத்து ரொம்ப வருசம் ஆச்சாம். அவரு அவசரப்படுறாரு. எத்தன நாளுன்னு சொல்லட்டும்?"

"கவர்மெண்டு பக்கம் பத்து நாளுன்னு சொல்லு. அவரு பக்கத்துக்கு, அத்தைங்க எத்தன பேருன்னு கேட்டு, அவங்களையும் கூட்டிட்டு வரச் சொல்லு. வந்தா உக்கார வெச்சு, நீ படிச்சுக் காட்டு."